பின்னால எரியுதா, பாத்தீங்களா?

வயிறு எரியுற விஷயம் ஏதோ எழுதியிருக்கான்னு ஆவலா ஓடி வந்த மக்கள் மன்னிக்கணும். இது காருக்குப் பின்னாடி எரிய வேண்டிய சிவப்பு விளக்கைப் பத்தின பதிவு. சரியாச் சொன்னா, எரியாம இருக்கிற விளக்கைப் பத்தின பதிவு :-)

என் கட்சி ரொம்ப சின்னது. கார் வச்சிருக்கிறவருக்கு ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, டெயில் லைட் பல்பை வீட்டு வாசல்லயே தானே மாத்தவும் தெரியணும். லைசென்ஸ் எடுக்கப் போனா எட்டு போட்டுக் காட்டச் சொல்றாங்கல்ல, அப்படியே ஒரு பல்பையும் கழட்டி மாட்டிக் காட்டுன்னு சொன்னா நாட்டுக்கு நல்லது. இதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

"இதுக்கெல்லாம் ஒரு பதிவா"ன்னு கேக்கிறவங்க ஒரு தடவை புதுக்கோட்டையிலேருந்து எங்க ஊருக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்து பாருங்க. மச்சுவாடி தாண்டி, கைக்குறிச்சி தாண்டி, ஆலங்குடி ரோடு. திருவரங்குளம்னா பக்திமான்களுக்கு அரங்குளநாதர் கோயில், கவர்மெண்டு ஆளுங்களுக்கு ஒன்றிய ஆபீஸ், விவசாயம் படிச்சவங்களுக்குப் பக்கத்துல வம்பன்ல இருக்கிற பயறு ஆராய்ச்சி மையம். ராத்திரி வண்டி ஓட்டுறவனுக்கு எல்லாமே ஒண்ணுதான், இருட்டு. ஊரு வந்தா நாலு டியூப்லைட்டு, ஊரு முடிஞ்சா கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளதான் வடகாடு, கீரமங்கலம் பக்கத்துலேருந்து வாழைத்தாரும் பலாப்பழமும் பூவும் ஏத்துன குட்டியானைங்க வரும். வைக்கோலை வீடு மாதிரி ஏத்திக்கிட்டு டிராக்டர் வரும். டி.வி.எஸ். 50-ல ரெண்டு பேரும் ஒரு மூட்டையும் வரும். மாடு வரும். நடுவுல நம்ம காருங்க.

இந்தக் காருங்கள்ல ஒத்தைக்கண்ணு வண்டிங்க எவ்வளவுன்னு எண்ணிப் பாத்தா பயமா இருக்கும். எதிர்ல வர்ற ஒத்தை ஹெட்லைட்டை எல்லாரும் திட்டுறோம். ஏன்னா அது நம்ம கண்ணுல குத்துது. நமக்கு முன்னாடி போற வண்டியோட செத்துப்போன பின்விளக்கு கண்ணுல குத்தாது. அதுதான் அதோட ஆபத்தே.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு காருக்கு வலது பக்க டெயில் லைட் செத்துப்போச்சு, இடது பக்கம் மட்டும் எரியுது. பின்னாடி வர்றவனுக்கு அது காரே இல்ல. ரோட்டோரமா ஒதுங்கிப் போற பைக்கு. பைக்கைத் தாண்ட எவ்வளவு இடம் விடுவோமோ அவ்வளவுதான் விட்டு ஏறுவான். அவன் ஏறுற இடத்துல இருட்டுக்குள்ள பாதிக் கார் நிக்குது. நம்ம நாட்டுல வண்டி இடது பக்கம் போறதால, வலது விளக்கு போறதுதான் ரெண்டுலயும் மோசம்னு நான் சொல்லுவேன். இடது செத்தா வண்டியோட அகலம் தெரியாது, ஆனா தாண்டுற பக்கம் ஒரு விளக்காவது நிக்கும்.

கணக்கும் போட்டுப் பாக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 105-ஆவது விதி, பின்னால காட்டுற சிவப்பு வெளிச்சம் 155 மீட்டர் தூரத்துலேருந்து தெரியணும்னு சொல்லுது. அப்போ ரோட்டுல நின்னுபோன ஒரு வண்டிக்குப் பின்விளக்கு எரிஞ்சா, பின்னாடி வர்றவனுக்கு ஒன்பது செகண்டு கிடைக்குது. எரியலைன்னா? டிம்ல வச்ச ஹெட்லைட்டுக்கு சுமார் 50 மீட்டர்னு வச்சுக்கோங்க. மூணு செகண்டு. அதுல ஒண்ணு, ஒன்றரை செகண்டு "அங்க என்னமோ நிக்குதே"ன்னு மூளைக்கு உறைக்கவே போயிடும். மிச்சம் ஆறு செகண்டை அம்பது ரூபாய்க்குள்ள கடையில விக்கிறாங்க. நாம வாங்க மாட்டேங்கிறோம்.

2022-ஆம் வருஷத்து விபத்துகளைப் பத்தி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் போட்ட அறிக்கையில, பின்னாலேருந்து மோதினதுன்னு ஒரு வகை உண்டு. அஞ்சுல ஒரு விபத்துக்கு மேல அந்த வகைதான். எல்லாத்துக்கும் பல்பு காரணம்னு நான் சொல்ல வரல. வேகம், தூக்கம், தண்ணி, செல்போன் எல்லாம் இருக்கு. ஆனா அதையெல்லாம் நான் திருவரங்குளத்துல உக்காந்துக்கிட்டு சரி பண்ண முடியாது. பல்பை முடியும்.

2018 நவம்பர் 16 கஜா புயலை எங்க பக்கத்து ஆளுங்க மறந்திருக்க மாட்டாங்க. போஸ்ட் மரமெல்லாம் சாய்ஞ்சு, வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தோம். ரோட்டுல பாதி தூரத்துக்கு வெட்டிப்போட்ட தென்னை மரம். அந்த நாட்கள்ல ராத்திரி வண்டி ஓட்டினவனுக்கு முன்னாடி போற வண்டியோட ரெண்டு சிவப்புப் புள்ளிதான் வழிகாட்டி. அது வளைஞ்சா நாமளும் வளையணும், பளிச்சுன்னு ஆனா நாமளும் மிதிக்கணும். அப்புறம் கரண்ட் வந்துச்சு, எல்லாத்தையும் மறந்துட்டோம்.

அந்த "பளிச்" எவ்வளவு பெரிய விஷயம்னு காட்ட ஒரு பழைய கதை. 1974-ல அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவுல ஜான் வோவோட்ஸ்கின்னு ஒரு உளவியல்காரர் 343 டாக்சிகளோட பின்பக்கம் நடுவுல, வண்டி வேகம் குறையுறதைக் காட்டுற மாதிரி கூடுதலா ஒரு விளக்கு மாட்டிவிட்டார். பின்னாடி மோதுறது 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. இன்னிக்கு நம்ம காருங்கள்ல பின்கண்ணாடி பக்கத்துல எரியுற மூணாவது பிரேக் லைட்டுக்கு அதுதான் தாத்தா. 1986 மாடல் காருங்கள்லேருந்து அமெரிக்காவுல அது கட்டாயம் ஆச்சு. எல்லா வண்டியிலயும் வந்து ஜனங்களுக்குப் பழகிப்போனதுக்கு அப்புறம், 1998-ல அவங்க அரசாங்கமே கணக்குப் பாத்தப்போ லாபம் 4.3 சதவீதம்னு இறங்கிடுச்சு. அவ்வளவு இறங்கியும் அது லாபம்தான்னு வச்சிருக்காங்க. ஒரு விளக்கு கூடுதலா வச்சதுக்கே இவ்வளவு. இருக்கிற விளக்கை எரிய விடாம வச்சிருக்கிறவங்களை என்ன சொல்ல?

சரி, ஏன் எரியலைன்னே பல பேருக்குத் தெரியல? இண்டிகேட்டர் பல்பு செத்தா வண்டியே சொல்லிடும். டிக் டிக்னு அடிக்கிறது டிக்டிக்டிக்டிக்னு பேய் பிடிச்ச மாதிரி அடிக்கும். ஹெட்லைட் செத்தா ரோடு பாதி மறையும். பின்விளக்கு மட்டும் சத்தமில்லாம சாகும். விலை கூடின சில வண்டியில டேஷ்போர்டுல காட்டுவான், நம்ம பட்ஜெட் வண்டியில அதெல்லாம் கிடையாது. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சுச் சொன்னாலும் "சைடு கேக்குறான் போல"ன்னு நாம ஒதுங்கிக்குவோம்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கு. சாதாரண காருங்கள்ல பெரும்பாலும் பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்புதான். பல்புக்குள்ள ரெண்டு இழை. ஒண்ணு மெலிசு, 5 வாட், ஹெட்லைட் போட்டா இது எரியும். இன்னொண்ணு தடிமன், 21 வாட், பிரேக் மிதிச்சா எரியும். பெட்டியில பி21/5டபிள்யூன்னு போட்டிருக்கும். கடையில 12 வோல்ட்டு டபுள் ஃபிலமென்ட் பல்புன்னு கேட்டா குடுப்பாங்க. ரெண்டு இழையும் ஒண்ணாச் சாகணும்னு சட்டம் இல்ல. அதனால பிரேக் எரியுது, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு பகல்ல பாத்துட்டுப் போறவர், ராத்திரி பின்னாடி ஒரு பக்கம் இருட்டோட போவார். பாக்கும்போது ரெண்டையும் தனித்தனியாப் பாக்கணும்.

பாக்கிறது எப்படின்னா, பொழுது சாயுற நேரத்துல வண்டியைச் சுவரு பக்கமா ரிவர்ஸ்ல கொண்டுபோய் நிறுத்துங்க. லைட்டைப் போட்டா சுவத்துல ரெண்டு சிவப்பு வட்டம் கண்ணாடியிலயே தெரியும். பிரேக்கை மிதிச்சா ரெண்டும் பளிச்சுன்னு ஆகணும். அவ்வளவுதான், சீட்டை விட்டு எந்திரிக்கவே வேண்டாம். சுவர் இல்லாதவங்க செல்போனை வீடியோவுல போட்டு பின்னாடி ஒரு கல்லு மேல சாத்தி வைங்க. வீட்டுல பொடிசுங்க இருந்தா இன்னும் விசேஷம், "அப்பா, வலது அவுட்டு"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவாங்க.

மாத்துறதுக்கு வேணுங்கிறது ஒரு நட்சத்திரத் திருப்புளி, சில வண்டிக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு பழைய துணி. சாவியை எடுத்துட்டு, பல்பு சூடு ஆறட்டும்னு அஞ்சு நிமிஷம் விடுங்க. பல ஹேட்ச்பேக் வண்டியில டிக்கிக் கதவைத் திறந்தா விளக்கோட உள்ஓரத்துல ரெண்டு ஸ்க்ரூ தெரியும். டிக்கி தனியா நீட்டிக்கிட்டிருக்கிற வண்டியில பெரும்பாலும் உள்ளேருந்து கார்ப்பெட்டை ஒதுக்கினா ஹோல்டரே கைக்கு வந்துடும். ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடி கீழ துணியை விரிச்சுடுங்க. பம்பர் சந்துக்குள்ள ஸ்க்ரூ விழுந்தா அன்னிக்குப் பொழுது அதோட போச்சு.

ஸ்க்ரூ போனதும் விளக்கு கையோட வராது. வெளிப்பக்கம் பிளாஸ்டிக் முளை ஒண்ணோ ரெண்டோ பாடியில சொருகியிருக்கும். இங்கதான் நம்மாளுங்க திருப்புளியை விட்டு நெம்புறது. நெம்பக்கூடாது. ரெண்டு கையாலயும் பிடிச்சு, நேரா நம்மளைப் பாத்து இழுக்கணும். டப்புன்னு ஒரு சத்தம் வரும், நெஞ்சு ஒரு நிமிஷம் நிக்கும், உடையல, அந்தச் சத்தம் அப்படித்தான்.

பின்னாடி ஹோல்டரை இடப்பக்கமாக் கால் சுத்து சுத்தினா கழண்டு வரும். பல்பை உள்ள அமுக்கி, இடப்பக்கம் திருப்பி எடுங்க. கண்ணாடி கறுத்துப் போயிருந்தாலோ, இழை அறுந்து ஆடினாலோ ஆசாமி காலி. புதுசை மாட்டும்போது கவனிக்க வேண்டியது, பல்போட அடிப்பக்கத்துல ரெண்டு சின்னப் புடைப்பு இருக்கும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, வேணும்னேதான் ஏத்த இறக்கமா வச்சிருக்காங்க. ஹோல்டர் பள்ளமும் அதே மாதிரி இருக்கும். பொருத்தி அமுக்கி வலப்பக்கம் திருப்பினா உக்காந்துடும். உக்காரலைன்னா திருப்பிப் போட்டுப் பாருங்க, முட்டித் தள்ளாதீங்க. மாத்தி உக்காந்துட்டா சும்மா போகும்போது 21 வாட்டும், பிரேக் மிதிச்சா 5 வாட்டும் எரிஞ்சு பின்னாடி வர்றவனைக் குழப்பிடும்.

எங்க ஊரு செம்மண் புழுதிக்கு ஹோல்டர் உள்ளயும் இடம் உண்டு. எறும்பு குடும்பம் நடத்தும், குளவி மண்ணை வச்சு வீடு கட்டும். தொடுபுள்ளி பச்சை பூத்திருந்தா உப்புத்தாளால லேசாத் தேய்ச்சு விடுங்க. விளக்கைச் சுத்தி இருக்கிற ஸ்பாஞ்சோ ரப்பரோ கிழிஞ்சிருந்தா அதையும் சரி பண்ணணும், இல்லாட்டி அடுத்த மழைக்கு உள்ள மீன் வளக்கலாம். திரும்ப மாட்டி ஸ்க்ரூவை முறுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை எரிய விட்டுப் பாத்துடுங்க. மொத்தமும் முதல் தடவை அரைமணி நேரம். ரெண்டாம் தடவை பத்து நிமிஷம்.

புது பல்பும் எரியலையா? ஃபியூஸைப் பாருங்க. ரெண்டு பக்கமும் பிரேக் லைட்டு ஒண்ணா வேலை செய்யலைன்னா பல்பு ரெண்டும் ஒரே நாள்ல சாகுறது அபூர்வம், ஃபியூஸோ பிரேக் பெடலுக்கு மேல இருக்கிற சுவிட்சோ போயிருக்கும். பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா முழிக்குது, இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட் தாளம் போடுதுன்னா எர்த் வயர்ல கோளாறு. அங்க நம்ம எல்லை முடியுது, எலக்ட்ரீஷியன் கிட்ட போயிடுங்க. தானே செய்யணும்னு சொல்றதுக்காக வயரிங்கை அறுத்து இன்சுலேஷன் டேப்பு சுத்துற கோஷ்டியில நான் இல்ல.

"ஏன்யா, மெக்கானிக் பொழப்புல மண்ணைப் போடுறியா"ன்னு மச்சான் ஒருத்தர் கேட்டார். நம்ம பக்கத்து மெக்கானிக் அண்ணன் கிட்டயே கேட்டுப் பாத்தேன். "நீங்க வேறண்ணே, ஒரு பல்புக்கு என்ன காசு வாங்குறது? வாங்கினாலும் மனசு கேக்காது, வாங்காட்டியும் அரைமணி போயிடுது. கையில கிளட்ச் வேலைய வச்சுக்கிட்டு இதுக்கு எந்திரிச்சு வரணும்"ங்கிறார். பெரிய சர்வீஸ் சென்டர் கதை வேற. பேர் வேண்டாம், ஒரு இடத்துல ஒத்தை பல்புக்கு ஜாப் கார்டு போட்டு, "காலையில விட்டுட்டு சாயங்காலம் வாங்க சார், ஜெனரல் செக்கப்பும் பாத்துடலாம்"னாங்க. இந்த அலைச்சலாலதான் "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்"னு மூணு மாசம் ஒத்தைக்கண்ணோட ஓட்டுறாங்க ஜனங்க. சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் லீவு போட்டு மாத்துற பொருளா அது?

நம்ம பதிவுலக மக்களைப் பாத்தாதான் எனக்கு ஆச்சரியம். டெம்ப்ளேட்டுக்குள்ள கை விட்டு நாலு மணி நேரம் நோண்டுவீங்க, கம்ப்யூட்டரைப் பிரிச்சு ரேம் மாத்துவீங்க, காருல ரெண்டு ஸ்க்ரூன்னா மட்டும் "ஐயோ வாரண்டி"ம்பீங்க. பல்பு மாத்துறது எப்படின்னு வண்டியோட குடுக்கிற புத்தகத்துலயே பல கம்பெனிக்காரன் படம் போட்டுக் குடுத்திருக்கான். டேஷ்போர்டு பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் கவர் பிரிக்காம கிடக்குமே, அந்தப் புத்தகம்தான்.

ஆனா புது வண்டிங்க விஷயத்துல எனக்குக் கோவம் உண்டு. எல்.இ.டி. விளக்குங்கிறான். ஒத்துக்கிறேன், நல்ல சாமான், இழை பல்பை விட 0.2 செகண்டு முன்னாடியே எரிஞ்சுடும், 60 வேகத்துல அது மூணு மீட்டருக்கு மேல. ரொம்ப நாளும் உழைக்கும். ஆனா பல வண்டியில மொத்தத்தையும் ஒரே டப்பாவா ஒட்டி மூடிடுறான். உள்ள ஒரு துண்டு போனா டப்பாவையே மாத்தணும், ஆயிரக்கணக்குல பில்லு. அம்பது ரூபாய் சாமானை ஆயிரக்கணக்குல ஆக்கினா ஒத்தைக்கண்ணு வண்டி கூடத்தான் செய்யும். 2022-ல மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைன்னு ஒரு கமிட்டி போட்டு, அந்த வருஷம் டிசம்பர்லயே ஒரு இணையதளமும் திறந்துச்சு. செல்போன், டிராக்டரோட சேத்து காரும் அந்தப் பட்டியல்ல இருக்கு. பின்விளக்கைத்தான் முதல்ல பேசணும்னு நான் சொல்லுவேன். ஏசி போனா எனக்கு வேர்க்கும். பின்விளக்கு போனா சாகுறது வேற யாரோ.

பழைய வண்டிக்கு எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டலாமான்னா, மலிவா விக்கிறதை நான் தொட மாட்டேன். விளக்குக்குள்ள இருக்கிற பளபளப்புக் கிண்ணம், இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. அதுக்குள்ள கண்டபடி வெளிச்சம் வீசுற பல்பை வச்சா நடுவுல ஒரு புள்ளி மட்டும் எரியும். சும்மா எரியுறதுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரியாத பிரேக் லைட்டு எதுக்கு?

நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டுக்கிட்டு "அதான் எரியுதுல்ல"ன்னு போற ஆசாமிகளும் இருக்காங்க. எந்தப் பக்கம் திரும்பப் போறான்னு அவனுக்கும் பெருமாளுக்கும்தான் தெரியும். போலீஸ் பிடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்கு முன்னாடி முதல் தடவைக்கு 100 ரூபாய், இப்ப 500. அந்தக் காசுக்குப் பத்து பல்பு வரும்.

டிராக்டர் வச்சிருக்கிற சொந்தக்காரங்க எல்லாருக்கும் இருக்காங்க. வைக்கோல் ஏத்தினா டிரெய்லர் விளக்கு எரிஞ்சாலும் மறைஞ்சுதான் போகும். அறுப்பு நேரத்துல அவங்க கிட்ட பேசி, சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை ஒரு பலகையில ஒட்டி, லோடுக்கு வெளிய தெரியுற மாதிரி கட்டித் தொங்க விடச் சொல்லுங்க. நான் ரெண்டு பேருக்குச் செஞ்சு குடுத்தேன். ஒருத்தர் கட்டுறார். இன்னொருத்தர் பலகையை மாட்டுக்கொட்டாய்ல மாட்டி வச்சிருக்கார், மாடு பளபளன்னு தெரியுதாம்.

பி.கு: கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வெள்ளைக் கண்ணாடி விளக்குக்குள்ள இருக்கிற இண்டிகேட்டர் பல்பு ஆரஞ்சு கலர், புடைப்பும் எதிரெதிரா இருக்காது, சாதா பல்பு அதுல உக்காராது. வாங்கும்போதே ரெண்டா வாங்கி, மிச்சத்தைப் பழைய சாக்ஸுக்குள்ள சுருட்டி ஸ்டெப்னி பக்கத்துல சொருகி வச்சுடுங்க. சாக்ஸைத் துவைச்சிருந்தா உத்தமம்.